போட்டோ திருடு போனால் பெண்ணையா திட்டுவது?



ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கிறோம். காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தாலே, கையில் கேமராவோடு யாராவது போய்க்கொண்டிருப்பார்கள். பௌர்ணமி கிரிவலம் என்றால் கேட்கவே வேண்டாம். செங்கம் ரோட்டுக் கடைகளில் திரும்பிய பக்கமெல்லாம் பகவான் ரமணரின் படம். 1946-ல் பெங்களூர் வெல்லிங் எடுத்த படத்தைக் காலண்டர், சாவிக்கொத்து, ஆட்டோ கண்ணாடி என்று எத்தனை பிரதி போட்டிருப்பார்களோ! அது கும்பிடுகிற படம். எத்தனை வீட்டுக்குப் போனாலும் சந்தோஷம்தான். நம் வீட்டுப் பெண்ணின் படம் அப்படி ஊர் ஊராகப் போனால்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மாப்பிள்ளையின் அத்தை போன் செய்தார். "உங்க பொண்ணு போட்டோ, வேற பேர்ல, வரன் தேடுற பக்கத்துல இருக்கே... என்னம்மா விஷயம்?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நிமிஷம் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? மகளைப் பிடித்துக் கத்தினேன். "கண்ட இடத்துல போட்டோ போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" அவள், "நான் எங்கேயும் போடலைம்மா" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

மறுநாள் என் அக்கா பையன் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தான். நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர், எங்களைக் கேட்காமலே தன் பக்கத்தில் 'மாதிரி'க்கு அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து எவனோ பொய்ப் பெயரில் போட்டிருக்கிறான். ஸ்டுடியோக்காரரைக் கேட்டால், "விளம்பரம்தானேம்மா? நான் எடுத்த படம், உரிமை எனக்குத்தான்" என்கிறார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்கா பையன் வக்கீல். "இல்லை சித்தி, 1957-ம் வருஷக் காப்பிரைட் சட்டத்துல 17-வது பிரிவைப் பாருங்க. காசு கொடுத்து யார் படம் எடுக்கச் சொன்னாங்களோ, அவங்கதான் முதல் உரிமையாளர். வேற மாதிரி எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தா மட்டும்தான் மாறும்" என்றான். ரசீதைப் புரட்டினோம். அப்படி எதுவும் இல்லை. இதைச் சொன்னதும் அன்று சாயங்காலமே படத்தை எடுத்துவிட்டார். தோழிகளே, கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறோமே, இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அட்வான்ஸ் கொடுக்கும்போதே, "எங்களைக் கேட்காமல் எங்கேயும் போடக்கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பொடி எழுத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாமே போடுகிற படங்களுக்கும் கொஞ்சம் காவல் வேண்டும். ஃபேஸ்புக்கில் முகப்புப் படத்தை யாரும் இறக்கிக்கொள்ளாதபடி தடுக்கும் வசதி 2017-ல் நம் நாட்டுக்கு வந்தது. பக்கத்தையே பூட்டி வைக்கும் வசதி 2020-ல் வந்தது. வாட்ஸ்அப்பில் நம் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். படத்தில் பேர் எழுதுவதானால் ஓரத்தில் எழுதாதீர்கள், வெட்டிவிடுவார்கள். நடுவில் எழுதுங்கள். ஆனால் எந்தப் பூட்டும் முழுப் பூட்டு இல்லை. திரையில் தெரிகிற படத்தை இன்னொரு போனில் எடுத்துவிட்டால் என்ன செய்வது?

அதனால்தான், திருடு போன பிறகு வீட்டில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது முக்கியம் என்கிறேன். 2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். போலீசில் புகார் கொடுத்தும் உடனே தீர்வு கிடைக்கவில்லை. வீட்டிலேயே தன்னை நம்பவில்லையே என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவனைப் பிடித்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் என் மகளை நம்பாமல்தானே கத்தினேன்? இதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டில் நகை திருடு போனால் திருடனைத் தேடுகிறோம். படம் திருடு போனால் மட்டும் ஏன் பெண்ணை விசாரிக்கிறோம்?

இப்படி நடந்தால் முதலில், "நான் இருக்கேன், பயப்படாதே" என்று சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை, முகவரியும் தேதியும் தெரிய, அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் சாட்சி. போட்டவனோடு சண்டைக்குப் போகாதீர்கள், உஷாராகி அழித்துவிடுவான். அந்த நிறுவனத்துக்கே புகார் அனுப்புங்கள். ஒட்டு வேலை செய்த படம், ஆபாசப் படம், ஆள்மாறாட்டம் இவற்றை நீக்க 2021-ல் வந்த விதிகள் 24 மணி நேரம் கெடு வைத்தன. மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் சொல்லலாம். மத்திய அரசு 2019-ல் தொடங்கிய இணையப் புகார் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. ஆபாசப் படம் பற்றிய புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

நாங்களும் புகார் கொடுத்தோம். பொய்ப் பக்கம் போய்விட்டது. சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். "இதுல பொண்ணு மேல என்ன தப்பு? அழாம சாப்பிடச் சொல்லுங்க" என்றார் அந்த மகராசி. பெற்ற நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால், நீங்களாவது முதலில் அதைச் சொல்வீர்கள்தானே?

— ஓர் இல்லத்தரசி,
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.