யாருடைய கோடு?

சென்ற வருடம் ஒரு சித்திரப் போட்டிக்காகக் கிரானைக் கீறினேன். மாரியில் புலிபாய்ந்தகல் பாதையை வெள்ளம் மூடிவிட, சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு படகில் போகும் காட்சி. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும்போது பஸ் ஜன்னலால் அவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் வாப்பா என்னைப் படகு புறப்படும் இடம்வரை கூட்டிப்போய்க் காட்டினார். படத்தில் ஆட்களுக்கு முகம் வைக்கவில்லை. அது எங்கள் வீட்டு வழக்கம். தண்ணீரைச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகளால் நிரப்பினேன்.

பயிற்சி தந்தவர் பார்த்தார். "தண்ணி இப்படியா இருக்கும்?" என்று அழித்துவிட்டு வளைவு வளைவாக அலை போட்டார். பிறகு படகையும் திருத்தினார். படத்துக்குப் பரிசு கிடைத்தது. சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. உம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு யாரோ பிள்ளையின் உடுப்பைப் போட்டிருப்பதுபோல் இருக்கிறது.

அந்தக் குறுக்குக் கோடு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் யோசித்தேன். மூத்தம்மா பன்பாய் இழைப்பவர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு பன் மேலேயும் மறு பன் கீழேயும் போவதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கண் எடுத்து வைத்திருந்ததைக் கை வெளியே விட்டது, அவ்வளவுதான்.

நம்மவர்கள் ஒரே மூச்சில் இரண்டு சொல்வார்கள். "பார்த்துக் கீறாதே, உனக்கென்று ஒரு பாணி வேணும்" என்பார்கள். கொஞ்சம் வித்தியாசமாகக் கீறினால் உடனே திருத்துவார்கள். என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. பார்த்துக் கீறுவதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. அரபு எழுத்தணிக் கலையில் 'மஷ்க்' என்று ஒரு பயிற்சி உண்டு. உஸ்தாதின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வருடக்கணக்கில் எழுதவேண்டும். இஜாஸா கிடைத்த பிறகுதான் மாணவர் தன் பெயரைக் கீழே இடலாம். 15ஆம் நூற்றாண்டில் துருக்கியில் வாழ்ந்த ஷெய்க் ஹம்துல்லாஹ், தமக்கு இருநூறு வருடம் முந்திய பக்தாத் எழுத்தாளர் யாகூத்தின் கையெழுத்துகளை ஊன்றிக் கற்றார். அந்தக் கற்றலிலிருந்துதான் அவருடைய சொந்த எழுத்து பிறந்தது. உஸ்மானிய எழுத்தணிக்கு அதுவே வழியானது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்குவிடம் படித்தவர்களில் வாசுகியும் சனாதனனும் இருவர். மட்டக்களப்பில் வாழும் வாசுகியின் ஓவியங்களில் பெண்களின் வலியும் பலமும் வருகின்றன. சனாதனனோ போரில் இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீடுகளை அவர்களின் ஞாபகத்திலிருந்தே வரையவைத்து, 2011இல் ஒரு நூலாக்கினார். ஒரே ஆசிரியர், கோடுகள் வேறு, வாழ்க்கைகள் வேறு. நல்ல ஆசிரியர் கற்றுக்கொடுப்பார், மாணவரின் தாளில் தன் கையை வைக்கமாட்டார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பழைய சித்திரக் கொப்பிகளைப் பேப்பர்க்காரரிடம் நிறுத்துப் போடாதீர்கள். பரிசுக்காக இன்னொருவர் கையால் அவள் படத்தை முடிக்கவும் விடாதீர்கள். பிழையான கோடு என்று நீங்கள் நினைப்பது, அவள் தொட்டிலிலிருந்து பார்த்துவந்த ஒன்றாக இருக்கலாம். விகிதம், நிழல் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியவைதான், அதை நான் மறுக்கவில்லை. வேறு தாளில் கீறிக் காட்டுங்கள்.

இந்த மாரியில் கிரானை மறுபடி கீறினேன், குறுக்குக் கோடுகளோடு. மூத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தோணிய பாயில வெச்சிருக்காய் புள்ள" என்றார். பிறகு படத்தின் ஓரத்தைக் காட்டி, அந்த இடத்தில் இழை தப்பியிருக்கிறது என்றார்.