இரத்தமும் எண்ணும்

திண்டுக்கல்லில் 2022 ஜனவரி 12-ந் தேதி அரசாங்க மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. ஜில்லாவாசிகளுக்கு மகிழ்ச்சியே. ஆனால், டாக்டர் பரிசோதனைச் சாலை தரும் எண்ணை நம்பியல்லவா மருந்து எழுதுகிறார்?

"இயந்திரத்தை இயக்கத் தெரிந்தால் போதாதா? பரிசோதனைச் சாலை மாணாக்கனுக்கு ரஸாயன சாஸ்திரம் எதற்கு?" என்று கேட்பாருண்டு. நத்தத்தில் எடுத்த இரத்தம் பஸ் ஏறித் திண்டுக்கல் வருவதாக வைத்துக்கொள்வோம். குழாயில் அடைபட்ட பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையை உண்டுகொண்டேயிருக்கும். சாதாரண உஷ்ண நிலையில், மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறைந்துவிடும். சோடியம் ஃப்ளூரைடு இட்ட குழாய் இதை ஓரளவு தடுக்கும். இந்த சூக்ஷ்மம் அறியாவிடில், நீரிழிவு உள்ளவருக்கும் 'இல்லை' என்று சீட்டு வந்துவிடக்கூடும். இயந்திரத்தில் பழுதில்லை; இரத்தந்தான் பழையது. அதைக் கண்டுகொள்ள அஸ்திவாரப் பாடம் வேண்டும்.