திருகைத் திருப்பினால் சக்தி வருமா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே போயிருக்கிறீர்களா? மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்களையும், உப்பு மூட்டை ஏற்றிய லாரிகளையும் பார்க்கலாம். இன்றைய லாரிகளின் டீசல் எஞ்சினில் பெரும்பாலும் 'டர்போசார்ஜர்' என்ற கருவி இருக்கிறது. "அதன் திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதும், எவ்வளவு பாரமானாலும் வண்டி இழுக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. இது சரிதானா?

எஞ்சினின் சக்தி எரிபொருளிலிருந்து வருகிறது. 1 கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஆகவே, சிலிண்டருக்குள் அதிகக் காற்றைச் செலுத்தினால் அதிக டீசலை எரிக்கலாம். இந்த வழிக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. வெளியேறும் கழிவு வாயு ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள அமுக்கி, காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புகிறது. 1920-களில் இரண்டு ஜெர்மன் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் எஞ்சின்கள் இந்த முறையால் 2,500 குதிரைத்திறன் தந்தன.

அப்படியானால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே? கூடாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை டர்போசார்ஜர் இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அது ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடேறும். சூடான காற்று விரியும் அல்லவா? எனவே சிலிண்டருக்குள் போகும் காற்று இரண்டு மடங்காகாது. ஒன்றரை மடங்குதான் ஆகும். 'இன்டர்கூலர்' என்ற குளிர்விப்பான் அதை 50 டிகிரிக்குக் குளிரவைத்தால், கிட்டத்தட்ட 1.9 மடங்கு கிடைக்கும்.

அழுத்தம் அளவு மீறாமல் காக்க 'வேஸ்ட்கேட்' என்ற சிறு கதவு உண்டு. குறித்த அழுத்தம் வந்ததும் அது திறந்து, கழிவு வாயுவின் ஒரு பகுதியைச் சுழலிக்குப் போகாமல் திருப்பிவிடும். திருகைத் திருப்புவது இந்தக் கதவைத் தாமதமாகத் திறக்கச் செய்வதுதான். டீசலின் அளவு மாறாமல் காற்று மட்டும் கூடினால் சக்தி அதிகம் கூடாது. டீசலையும் கூட்டினால் சக்தி கூடும். கூடவே சிலிண்டரின் அழுத்தமும் வெப்பமும் கூடும். அதைத் தாங்க பிஸ்டனும் கேஸ்கெட்டும் செய்யப்பட்டிருக்க வேண்டுமே!

உப்பளக் கரையில் இன்னொரு சங்கதியும் உண்டு. உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும். இன்டர்கூலர் அரித்து ஓட்டை விழுந்தால் அழுத்தம் குறையும், வண்டி இழுக்காது. அப்போது திருகைத் திருப்பினால் ஓட்டை அடைபடாது. சுழலிதான் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதே சரியான வைத்தியம்.

சரி, எஞ்சின் தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரேக்கும் டயரும் அச்சும் பழையவைதானே? அன்று உப்பு விற்கப் போன உமணர்கள், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு சொல்கிறது. மாடு இழுத்தால் மட்டும் போதாது, அச்சும் தாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, நண்பர்களே, எந்த எஞ்சினைப் பற்றியும் "எவ்வளவு கூட்டலாம்?" என்று கேட்கும் முன், "எவ்வளவு தாங்கும்?" என்று கேளுங்கள்.