வானவில் எல்லோருக்கும் ஒன்றா?

வானவில் பார்க்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ரெசிஸ்டர் கலர் கோடைப் பாருங்கள்: சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. அப்படியே வானவில் வரிசை! (கருநீலம் மட்டும் ஆப்சென்ட்.) நாளை நாம் வேலைக்குப் போகும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளிலும் நிறம்தான் பேசும். ஐ.எஸ். 2379-ன்படி தண்ணீர்க் குழாய் கடல்பச்சை, காற்றுக் குழாய் வான்நீலம், அமிலக் குழாய் கரும் ஊதா.

ஆனால் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரிகிற நண்பன் நம்ம வகுப்பிலேயே இருக்கலாம். பெரும்பாலும் தாய்வழியில் வரும் பிறவிக் குறை இது, ஆண்களுக்கே அதிகம். மூணு வருஷம் படிச்சு, இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, மெடிக்கலில் இஷிஹாரா புத்தகத்தை நீட்டும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியுது. ஒயரிங், பெயின்ட் ஷாப்புக்கு நிறம் தெரிஞ்சாகணும், சரி. லேத்துக்கு எதுக்கு? புனே திரைப்படக் கல்லூரியின் எல்லாப் படிப்பிலும் நிறக்குருடு உள்ளவர்களைச் சேர்க்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டதே!

டிராபிக் சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் தெரியாதவரும் இடத்தை வைத்தே பிரேக் போடுவார். டிசைன் என்றால் அது! நாம் வரையும் பேனலிலும் நிறத்தோடு எழுத்தும் இருக்கட்டும். இஷிஹாரா டெஸ்டுக்கு ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும். அதை முதல் வருஷ அட்மிஷன் அன்னிக்கே வைக்கலாமே?