நாகையில் இடித்த மூன்று நிலை

சோழவந்தானிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே போனால், அணைப்பட்டிக்குப் பக்கத்தில் சித்தர்மலை இருக்கிறது. அங்கே மேட்டுப்பட்டிக் குகைத்தளத்தில் பாறையை வழுவழுப்பாகச் செதுக்கிய படுக்கைகளும், அவற்றை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உண்டு. ஊர்க்காரர்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பழைய கல்வெட்டறிஞர் சிலரோ, இலங்கைக் குகைகளோடு ஒப்பிட்டுப் பௌத்தத் துறவிகளின் கணக்கில் எழுதினார்கள். மேட்டுப்பட்டிப் பாறையில் ‘அமணன்’ என்றும் ‘மதிரை’ என்றும் படிக்கப்பட்ட பிறகு வழக்கு சமணர் பக்கம் தீர்ந்தது.

தமிழ்நாட்டுப் பௌத்தத்துக்குக் கட்டடச் சாட்சி வேண்டும் என்றால், மதுரையை விட்டு நாகப்பட்டினக் கடற்கரைக்குத்தான் போகவேண்டும்.

அங்கே சூளாமணி விகாரத்தைக் கட்டத் தொடங்கியவர் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மர். முடித்தவர் அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர். இடம் கொடுத்த சோழன், அதே ஆண்டுகளில் தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த சிவபக்தன் இராசராசன். 1006 வாக்கில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான கொடை நிலமாக, விட்டான். சுமார் 97 வேலி நிலம், ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல். எல்லை குறிக்கப் பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிவந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். இன்றைய சர்வேயருக்கு இப்படி ஒரு துணை கிடைத்தால் வரப்புத் தகராறு பாதி குறையும்.

இந்தக் கொடையைப் பின்னர் செப்பேட்டில் ஏற்றியவன் மகன் இராசேந்திரன். 21 ஏடுகள், சோழ முத்திரை பதித்த பெரிய வளையம். டச்சுக்காரர் கையில் ஐரோப்பாவுக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதே இராசேந்திரன்தான் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பி, அந்த அரசரின் கடாரத்தையும் வென்றான். ஆனால் சண்டை விகாரத்தின் நெல்லைத் தொடவில்லை; 1090 வாக்கில் கடாரத் தூதர்கள் வந்து கேட்டபோது, முதல் குலோத்துங்கன் பழைய உரிமைகளை மறுபடி எழுதிக் கொடுத்தான்.

அங்கே பிற்காலம் வரை நின்ற கட்டடத்தைக் கண்ணால் பார்த்து விவரம் எழுதியவர் ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி வால்டர் எலியட். அவர் 1846இல் பார்த்தது, ஊர்மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றும் கப்பல்காரர்கள் சீனக் கோபுரம் என்றும் சொன்ன சதுரமான மூன்று நிலைக் கோபுரம். சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கிய செங்கல். நிலைகளைப் பிரிக்கும் வரிசைக் கட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு திறப்பு. உள்ளே மேல்தளம் பொருந்தியிருந்த தடம் சுவரில் தெரிந்தது, கூரை போய்விட்டது. கீழ் மூலைகளை வண்டிகளும் மாடுகளும் உரசித் தேய்த்திருந்தன. அதிட்டானம், சிற்பம், கோட்டம் என்று நம் கண் பழகிய கோயில் இலக்கணம் எதற்கும் இது ஒத்துவராது. விகாரத்தின் மிச்சம் என்பார் உண்டு. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தயுவான், சீன எழுத்துப் பொறித்து 1267இல் முடித்ததாகக் குறிப்பிடும் கோபுரமே இது என்பாரும் உண்டு. தளம் போட்டு மேலே ஏறும் அமைப்பைப் பார்த்தால் இரண்டாவது கட்சிக்கே வலு அதிகம்.

கல்லூரி கட்டச் செங்கல் தேவைப்பட்டது. யேசு சபையினர் அந்தக் கோபுரத்தை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். கப்பல்களுக்கு அது கரை அடையாளம் என்ற ஆட்சேபம் எழுந்தும், சென்னை அரசு 1867 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. செங்கல் போயிற்று. அந்தக் கல்லூரியும் நாகையில் நிலைக்கவில்லை. 1883இல் திருச்சிக்கு மாறி, இன்றும் புனித வளனார் கல்லூரியாக அங்கேயே நடக்கிறது.

மண்ணுக்குள் இருந்தவை தப்பின. 1856இல் கோபுரத்துக்கு அருகே இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது புத்தர் உருவங்கள் கிடைத்தன. 1934 வரை நாகையில் கிடைத்த பௌத்தப் படிமங்கள் சுமார் 350. உச்சியில் தீச்சுடர் வைத்த அந்தப் புத்தர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வேறு கைகளுக்குப் போன ஒரு நாகை புத்தரின் பீடத்தில், அக்கசாலைப் பெரும்பள்ளியில் திருவிழாவுக்கு எழுந்தருளும் படிமம் என்று தமிழில் வெட்டியிருக்கிறது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர் பட்டறை. கடாரத்து அரசர் எழுப்பிய பள்ளியில், தட்டார் பட்டறையின் பெயர் தாங்கிய கோயிலுக்கென்று புத்தருக்கு உற்சவமூர்த்தி செய்துவைத்து, ஜெனகை மாரியம்மனுக்குச் சோழவந்தான் செய்வதைப் போலவே வீதியுலா அழைத்துப்போயிருக்கிறார்கள்.