முகம் வெளியே, கணக்கு உள்ளே

ஜனவரியில் பாடசாலை தொடங்கினால், தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கு நகரத்திலிருந்து ஓர் அழைப்பு வரும். "சேர், கஷ்டப்பட்ட பிள்ளைங்க ஒரு இருபது பேர்ட பெயர் அனுப்புங்க. பேக் குடுக்கப் போறம். பத்து மணிக்கு லைன்ல நிப்பாட்டி வச்சா போதும்."

அழைப்பவர்கள் நல்ல மனிதர்கள். கடை வைத்திருப்பவர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், எங்களோடு படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, சொந்த வாகனத்தில் டீசல் அடித்துக்கொண்டு, குன்றும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறி வருகிறார்கள். ஒன்றுமே செய்யாமல் வீட்டில் இருந்துகொண்டு அவர்களைக் குறை சொல்வது எளிது. அந்த வேலைக்காக நாங்கள் இதை எழுதவில்லை.

ஆனால் பத்து மணிக்கு நடப்பது இதுதான். பேனர் கட்டப்படும். பேனரில் பிள்ளைகளின் பெயர் இருக்காது, கழகத்தார் எல்லோரின் பெயரும் இருக்கும். ஒரு பையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பிள்ளை கெமராவைப் பார்க்க வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை. மாலையில் பேஸ்புக்கில் படம் வந்துவிடும்: இன்ன தோட்டத்தின் இன்ன பாடசாலையின் "வறிய மாணவர்களுக்கு". ஆறு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. பத்தாம் தரத்துப் பிள்ளைக்கு அப்படியல்ல. அவளும் பேஸ்புக் பார்க்கிறாள், அவளுடைய வகுப்பும் பார்க்கிறது. நாளைக்கு அவள் பல்கலைக்கழகம் போனாலும், கொழும்பில் வேலைக்குப் போனாலும், அந்தப் படம் அங்கேயே கிடக்கும். ஒரு தகப்பன் எங்களிடம் வந்து கேட்டார்: "பேக் குடுத்தது சந்தோஷம் சேர். படம் போட முந்தி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" கோபமாகக் கேட்கவில்லை. மிக மெதுவாகக் கேட்டார்.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பைகளுக்கான காசு எப்படிச் சேர்ந்தது? மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைத்து அணிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்கியிருப்பார்கள். அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றிருப்பார்கள். பஸ் நிலையத்தில் டின் குலுக்கியிருப்பார்கள். கட்டாரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பியிருப்பார்கள். மொத்தம் எவ்வளவு வந்தது? பைக்கு எவ்வளவு, பேனருக்கு எவ்வளவு, அன்றைய பகல் சாப்பாட்டுக்கு எவ்வளவு, மிச்சம் எங்கே? நம் நகரங்களில் எத்தனை கழகங்கள் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கின்றன? இருக்கலாம், எங்கள் கண்ணில் படவில்லை. திருடுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் செய்கிறார்கள். கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களே என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவர்களும் எழுதுவதில்லை.

ஆக, வாங்கியவரின் முகம் ஊருக்கே தெரிகிறது, வந்த காசின் கணக்கு யாருக்கும் தெரியாது. இது தலைகீழாக இருக்கிறது என்பதுதான் எங்கள் ஒரே வாதம்.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று சூரா பகராவின் 271 ஆம் வசனம் சொல்கிறது. அதற்குச் சற்று முன்னால், 264 இல், சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் உங்கள் தர்மத்தை வீணாக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை வருகிறது. சொல்லிக்காட்டுவது வாயால் மட்டும்தான் நடக்கும் என்று யார் சொன்னது? 48 பேருக்கு டேக் பண்ணிய படமும் அதைத்தான் செய்கிறது.

கணக்கு விஷயத்திலும் அப்படியே. ஸகாத் சேகரிக்க நபியவர்கள் அனுப்பிய இப்னுல் லுத்பிய்யாவின் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டுகிறார். உன் தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு உன்னைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபியவர்கள் கேட்கிறார்கள். ஒரு ஸஹாபியிடமே கணக்குக் கேட்கப்பட்டது. நம் ஊர்க் கழகத்தின் பொருளாளரிடம் கேட்டால் மட்டும் மானம் போய்விடுமா? இன்னொன்றையும் கவனியுங்கள். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் அதைச் சேகரித்து நிர்வகிப்பவர்களும் உண்டு. வேலை செய்தால் செலவு இருக்கும் என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. டீசல் செலவை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1917 இல் சிக்காகோவில் தொடங்கிய லயன்ஸ் கழகத்தில் ஒரு விதி இருக்கிறது. பொதுமக்களிடம் சேர்த்த காசு ஒரு கணக்கு, அங்கத்தவர் சந்தா இன்னொரு கணக்கு. கூட்டச் சாப்பாடும் மாலையும் சந்தாவிலிருந்துதான் போக வேண்டும், மக்கள் காசிலிருந்து போகக்கூடாது. நம் சிறிய கழகங்களும் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கொப்பி வாங்க எவ்வளவு ஆகும்?

சரி, பெரிய கழகங்களை விடுவோம். யாருக்குப் பை கொடுக்கப் போகிறோமோ அவர்களிடமே படிக்க நிறைய இருக்கிறது. நகரத்தில் இருக்கும் நாங்கள் தோட்ட மக்களை எப்போதும் கை நீட்டுபவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் இந்த மலையில் அவர்களைப் போல் சந்தா கட்டிய மக்கள் வேறு யாருமில்லை. சம்பளச் சிட்டையில் கோயிலுக்கு, தொழிற்சங்கத்துக்கு என்று மாதா மாதம் கழியும். மரண உதவிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். லயத்தில் ஒரு மையித்து விழுந்தால், அவர்கள் வழக்கில் சொன்னால் ஒரு சாவு விழுந்தால், அந்தக் குடும்பம் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. 1931 இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கம் அமைத்த காலத்திலிருந்து இங்கே சங்கங்கள் ஓடியது அவர்களுடைய சந்தாவில்தான். திருவிழா முடிந்ததும் கமிட்டி கூடி, பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று வாசிக்கும். பத்து ரூபாய் இடித்தாலும் சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டைதான் கணக்கைக் காப்பாற்றுகிறது. 2024 செப்டெம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதில் வாழ்ந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார்கள்.

டித்வா புயலின்போது நம் ஆட்களின் இன்னொரு முகத்தையும் பார்த்தோம். 2025 நவம்பர் 28 இல் கரையைக் கடந்த அந்தப் புயலில் நாடு முழுவதும் 600 க்கு மேற்பட்டோர் போனார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன. பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் என்று பாராமல் சமைத்தார்கள். வாகனம் போகாத இடத்துக்குத் தோளில் அரிசி மூட்டை போனது. முதல் நாட்களில் படம் எடுக்க யாருக்கும் கை சும்மா இல்லை. பாதை திறந்த பிறகுதான் பேனர்கள் வந்தன, கூடவே 2004 சுனாமிக் காலத்திலிருந்து நம்மை விடாத பழைய துணி மூட்டைகளும்.

அனர்த்தத்துக்குச் சேர்க்கும் காசை முதல் பதினைந்து நாளிலேயே செலவழித்து முடிப்பது பெருமை என்று நினைக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது நாடே திரண்டு வந்தது. தப்பியவர்களுக்கு நிரந்தர வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் எடுத்தது. லயத்தில் இருப்பவருக்கு வீடு போனால், அடுத்த வீட்டைக் கட்டச் சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லை. அதனால் அவர்களுடைய காத்திருப்பு மற்றவர்களுடையதைவிட நீளமானது. அந்த இரண்டாவது வருடத்துக்குக் காசு வைத்திருந்த கழகம் எது? கணக்கு எழுதும் பழக்கம் இருந்தால்தான் மிச்சம் பிடிக்கவும் துணிவு வரும். எழுதாதவர் மிச்சம் வைத்தால் ஊர் வேறு மாதிரிப் பேசும்.

பை கொடுக்க வேண்டாமா? கொடுக்கலாம். ஆனால் பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, சீருடைத் துணியும் வருகிறது, பையைப் பல கழகங்கள் தருகின்றன. எங்கள் பிள்ளைகள் நின்றுவிடுவது வேறு இடத்தில். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க வேண்டுமென்றால் நகரத்துக்குப் போக வேண்டும். 'சிசு சரிய' பஸ் எல்லாத் தோட்டத்துக்கும் ஏறுவதில்லை. முச்சக்கர வண்டிக் காசு ஒரு நாள் இருக்கும், மூன்று நாள் இருக்காது. மாதத்தில் பத்து நாள் வராத பிள்ளை மெல்ல மெல்ல நின்றே விடுகிறது. கரும்பலகை தெரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தேவை ஒரு மூக்குக் கண்ணாடி. பஸ் காசையும் கண்ணாடியையும் ஐந்து பேர் பிடித்துப் படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ அவற்றுக்கு ஆள் கிடைப்பதில்லை.

படம் போடாவிட்டால் வெளிநாட்டிலிருந்து காசு வராது என்று கழக நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, அனுப்பியவருக்கு ஆதாரம் வேண்டும். கடைப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுங்கள். அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வைத்த கடிதத்தை அனுப்புங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால்தான் தருவேன் என்று அதற்குப் பிறகும் ஒருவர் சொன்னால், அவருடைய காசு இல்லாமலே நடத்தலாம். கழகக் கமிட்டியில் தோட்டத்திலிருந்து இரண்டு பேரையும் சேருங்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

நோன்பு காலத்தில் மறுபடியும் உலர் உணவுப் பொதிகளுக்கு டின் குலுங்கும். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் பலகையிலும் நகர நூலகத்திலும் ஒட்ட எந்தக் கழகம் முன்வந்தாலும், கொப்பியைக் கொண்டு வாருங்கள். எங்களில் கணிதமும் வர்த்தகமும் படிப்பிக்கும் சிலர் உட்கார்ந்து சரிபார்த்துத் தருவோம், சம்பளம் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் என்றால் எல்லோருக்கும் வசதி.