நாங்கள் பாக்காத கரண்ட் கட்டா?

ஐஸ் மழை வரப்போகுது எண்டு வானிலை அறிக்கையில சொன்னால் போதும், ரொறன்ரோவில எங்கட ஆக்களிட்ட ஒரு வசனம் கட்டாயம் கேட்கும். "யாழ்ப்பாணத்தில வருசக்கணக்கா கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள், இது என்ன பெரிய விசயம்?" சொல்லுறது பொய்யில்லை. 1990இல யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நிண்டது. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில சோதினைக்குப் படிச்ச சனம் நாங்கள். சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோ சுத்தி, ரேடியோ கேட்ட சனம். பெருமைப்பட வேண்டிய விசயந்தான்.

ஆனால் அந்தப் பெருமையை நம்பி இங்கத்தைய ஐஸ் மழைக்கு முன்னால போய் நிக்கிறது ஆபத்து எண்டுதான் நான் சொல்ல வாறன். ஊரில கரண்ட் போனால் போறது வெளிச்சம். இங்க கரண்ட் போனால் போறது சூடு. ரெண்டும் ஒண்டில்லை.

ஊரிலயும் இந்தியாவிலயும் இருந்து வாசிக்கிற நண்பர்களுக்காக, ஐஸ் மழை எண்டால் என்ன எண்டு ஒருக்கால் சொல்லிவிடுறன். ஸ்நோ வேற, இது வேற. மேல வானத்தில கொஞ்சம் சூடான காத்து ஒரு படையா வந்து நிக்கும். நிலத்தை ஒட்டி, பூச்சியத்துக்குக் கீழான குளிர்காத்து கிடக்கும். மேலயிருந்து வாற ஸ்நோ நடுவில உருகி மழையாகும். திரும்ப உறைய நேரம் காணாமல், உறைநிலைக்குக் கீழ போன தண்ணியாகவே நிலத்துக்கு வரும். எதில பட்டாலும் பட்ட இடத்திலயே கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஸ்நோ எண்டால் காத்தடிக்க உதிரும். இது உதிராது, பாரம் ஏறிக்கொண்டே போகும். கொப்பு முறிஞ்சு கம்பியில விழும், கம்பி அறும். பாக்க வடிவுதான், ஊர் முழுக்கக் கண்ணாடிக் கடை மாதிரி மினுங்கும். அந்த வடிவுதான் எமன்.

1998 ஜனவரியில மொன்றியல் பக்கம் நடந்ததை இப்பவும் சனம் கதைக்கும். அஞ்சாறு நாள் விட்டுவிட்டுப் பெய்த ஐஸ் மழையில, கியூபெக்கில ஆயிரம் அளவில இரும்புக் கோபுரங்கள் மடிஞ்சு விழுந்தது, மரக் கம்பங்கள் 30,000க்கு மேல. கியூபெக்கில மட்டும் சுமார் 14 லட்சம் இணைப்புக்குக் கரண்ட் இல்லை. சில இடத்தில ஒரு மாதத்துக்கு மேல போச்சுது. 15,000க்கு மேற்பட்ட ராணுவத்தினர் துப்பரவுக்கும் உதவிக்கும் இறங்கினவை. கியூபெக்கில தண்ணி மின்சாரம் மலிவு, அதால கனக்க வீடுகள் கரண்டிலதான் சூடாகிறது. கரண்ட் போனால் வீடே போன மாதிரி.

"எங்கட வீடு காஸில சூடாகிறது, எங்களுக்குப் பிரச்சினை இல்லை" எண்டு ஒன்ராரியோக்காரர் சிலர் சொல்லுவினம். அதுவும் சரியில்லை. நிலக்கீழ் அறையில நிக்கிற ஃபேர்னஸ் காஸிலதான் எரியும். ஆனால் அதைப் பத்த வைக்கிறதும் கரண்ட், சூட்டுக் காத்தை வீடு முழுக்கத் தள்ளுற ஃபானும் கரண்ட். குழாயில காஸ் வந்தும் பிரயோசனமில்லை. மாடிக் கட்டிடத்தில இருக்கிறவைக்கு இன்னும் மோசம். லிஃப்ட் நிக்கும். பம்ப் நிண்டால் மேல்மாடிக்குத் தண்ணியும் வராது. பதினாலாம் மாடியில சக்கர நாற்காலியோட இருக்கிற ஒரு அம்மம்மாவை நினைச்சுப் பாருங்கோ.

2013 டிசம்பர் 21 இரவும் 22 விடியவும் ரொறன்ரோவில இது நடந்தது. நகரத்தில மட்டும் 3 லட்சம் இணைப்புக்குக் கரண்ட் போச்சுது. நத்தாரும் கழிஞ்சு, நாள்கணக்கா இருளில கிடந்த தெருக்கள் உண்டு. மழை நிண்ட பிறகுதான் குளிர் இறங்கினது, -10க்கும் கீழ. ஸ்காபரோவில எங்கட வீட்டில மூண்டு நாள். முதல் நாள் பிள்ளையளுக்குப் பகிடி, மெழுகுதிரி வெளிச்சத்தில கடதாசி விளையாட்டு. ரெண்டாம் நாள் வீட்டுக்குள்ளயே வாயால ஆவி பறந்தது. மூண்டாம் நாள் ஒருத்தரும் கதைக்கவேயில்லை.

அந்த ரெண்டாம் நாள் பின்னேரம், பக்கத்து வீட்டு பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருந்த ஒரு தம்பி, வெளியில நிண்டு பார்பிக்யூ கரியை ஒரு பழைய இரும்புச் சட்டியில பத்த வச்சுக்கொண்டு நிண்டார். என்ன தம்பி சமையலோ எண்டு கேட்டன். "இல்லை அண்ணை, தணலானதும் உள்ள கொண்டுபோய் வைக்கப்போறன். சின்னவன் குளிரில நடுங்குறான். சாம்பிராணிக்குக் கரி பத்த வைக்கிறதுதானே" எண்டார்.

மூளையில்லாத ஆள் எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளை நடுங்குது, தகப்பன் தனக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்யிறான். ஊரில குசினியில விறகும் கரியும் எரிச்ச வீடுகள்தானே எங்கட வீடுகள். ஆனால் அந்த வீட்டில ஓட்டுக்கு இடையால காத்துப் போகும், புகைக்கூடு இருக்கும், கதவு ஒருநாளும் பூட்டுறதில்லை. இங்கத்தைய வீடு மூடி இறுக்கின போத்தல். அதுவும் அது நிலக்கீழ் அறை. தணலில இருந்து வாறது பள்ளிக்கூடத்தில காபனோரொட்சைட்டு எண்டு படிச்ச வாயு, இங்க சொல்லுற கார்பன் மொனொக்சைட். மணமில்லை, நிறமில்லை, இருமல் வராது. ரத்தத்தில ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கொள்ளும். தலையிடிக்கும், நித்திரை வரும், எழும்ப மாட்டியள். தம்பிக்கு விளங்கப்படுத்தி, மூண்டு பேரையும் எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தம். எங்கட வீடும் குளிர்தான். ஆனால் ஏழு பேர் ஒரு அறைக்குள்ள கம்பளியோட கிடந்தால் கொஞ்சம் சூடு வரும்.

எல்லாருக்கும் இப்பிடித் தடுக்க ஆள் இருக்கிறதில்லை. அந்தமுறை ஒன்ராரியோவில இந்த வாயுவால செத்தவையும் இருக்கினம். 2021 பெப்ரவரியில ரெக்சஸில நடந்த குளிர்ப் புயலில, அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் செத்தவை. கனபேர் விறைச்சுச் செத்தவை, இன்னும் சிலர் சூடு தேடப்போய் இந்த வாயுவால செத்தவை. அங்க 2011இலயும் குளிரால கரண்ட் போய், மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்துங்கோ எண்டு அறிக்கையும் வந்தது. கட்டாயமாக்கப்படாமல் பத்து வருசம் ஓடிச்சுது. எங்களுக்கு வராது எண்ட வீரப்பேச்சு எங்கட ஆக்களுக்கு மட்டும் சொந்தமில்லை போல.

ஒன்ராரியோவில காஸ் மாதிரி எரிபொருள் பாவிக்கிற வீடுகளுக்கு 2014 ஒக்டோபரில இருந்து கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் ஒரு கட்டிலுக்கும் ஒரு அடுப்புக்கும் மட்டும் இடமிருக்கிற எங்கட பேஸ்மென்ற் அறைகளில எத்தினை அலாரம் தொங்குது? தமிழ் வீட்டுக்காரர் தமிழ் ஆளுக்கு வாடகைக்கு விடேக்க இதைப் பாக்கிறவையோ? வாடகைக்கு ஒரு டொலர் குறையாமல் வாங்கத் தெரியுது, சின்ன அலாரம் ஒண்டு வாங்க மனம் வராதாம். இதில எனக்குக் கோபம் இருக்குது, மறைக்கேல்லை.

சரி, ஊரில படிச்சது ஒண்டும் இங்க உதவாதோ எண்டால், ஒண்டு உதவும். விளக்கும் டைனமோவும் இல்லை. அந்தக் காலத்தில ஆர் வீட்டில வயசுபோன ஆள் இருக்குது, ஆர் வீட்டில குழந்தை இருக்குது, ஆருக்கு மருந்து முடியப்போகுது எண்டு முழு ஒழுங்கைக்கும் தெரியும். கேளாமலே படலையைத் திறந்துகொண்டு போய்ப் பாப்பம். இங்க வந்து அதைத்தான் முதல்ல விட்டனாங்கள். பக்கத்து வீட்டில சீனரோ, ஜமெய்க்காக்காரரோ, தமிழரோ எண்டு கூடத் தெரியாமல் பத்து வருசம் இருக்கிறம். போன் சார்ஜ் இறங்கி, இன்ரநெற்றும் நிண்டால், கதவைத் தட்டுறதைத் தவிர வேற வழியில்லை.

அதனால இந்தமுறை அறிக்கை வரேக்க, யாழ்ப்பாணக் கதையைச் சொல்ல முன்னம் சில வேலை செய்யுங்கோ. அலாரத்தின்ர பற்றறியைப் பாருங்கோ. 72 மணித்தியாலம் சமாளிக்கத் தண்ணியும் சாப்பாடும் வையுங்கோ எண்டு இங்கத்தைய அரசாங்கம் சொல்லுறது, 2013ஐப் பாத்தால் அது காணாது. கரியும் ஜெனரேற்றரும் வீட்டுக்குள்ளயும் இல்லை, கராஜுக்குள்ளயும் இல்லை. சூடில்லாத வீட்டில ரோசத்துக்காகக் கிடவாமல் நகரசபை திறக்கிற சூட்டு நிலையத்துக்குப் போங்கோ, அது பிச்சையில்லை, உங்கட வரிக்காசு. 2025 மார்ச் கடைசியிலயும் ஒறிலியா, பீற்றர்பறோ பக்கம் ஐஸ் மழை வந்து சனம் நாள்கணக்கா இருளில கிடந்தது. அடுத்தது எங்க எண்டு ஆருக்குத் தெரியும்.

உங்கட மாடியில, உங்கட தெருவில தனிய இருக்கிற ஒராளின்ர பேரைக் கேட்டு வையுங்கோ. கரண்ட் போகாட்டிலும் அதால நட்டமில்லை.